ரைலி பங்கு விற்ற நாள்

ரைலி ஹுப்போனென் எங்கள் ஊரில் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்குக் கடையில் அவள் பெயரை எடுத்தால், பால் வாங்க வந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் மெர்வி. முப்பத்தோரு வருஷம் அவள் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும். ஆனால் அந்த வாய் திறக்கவேண்டிய ஒரு நாளில் திறக்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹார்யுகோஸ்கி ஆலையில் எங்கள் இருவருக்கும் உருளை கட்டுகிற வேலை. இயந்திரத்திலிருந்து ஆள் உயரத்துக்குக் காகித உருளைகள் வரும். அவற்றுக்குப் பழுப்புத் தாளைச் சுற்றி, இரண்டு முனைக்கும் அட்டை வைத்து, ஆலையின் பெயர் அச்சடித்த சீட்டை ஒட்டி அனுப்பவேண்டும். அந்தச் சீட்டு உலகம் முழுக்கப் போய் வந்தது. நாங்கள் அதிகபட்சம் கானரி தீவு வரைக்கும் போய் வந்தோம்.

ரைலிக்கு அவள் அப்பா பதினாலு ஹெக்டேர் காடு விட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதில் கொஞ்சம் மரத்தை எங்கள் ஆலைக் கம்பெனிக்கு விற்பாள். மரம் விற்ற காசில் எங்கள் ஊரில் எல்லோரும் படகு வாங்குவார்கள், கார் மாற்றுவார்கள். ரைலி அதே கம்பெனியின் பங்கை வாங்குவாள். இருபத்தைந்து வருஷமாக இதுதான் அவளுக்கு வழக்கம். அவள் புருஷன் பென்ட்டி ஆற்றுப் பனி உடைந்து மூழ்கிப் போனபோது மகன் யார்மோவுக்கு ஒன்பது வயது. அந்த வருஷம்கூடக் கொஞ்சம் வாங்கினாள்.

"ஏன்டி, உன் மரத்தை அவன்கிட்டக் குடுத்துட்டு, அந்தக் காசையும் அவன்கிட்டயே திருப்பிக் குடுக்கறியே, உனக்கு என்னதான் மிஞ்சுது?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"என் மரம் போற வீட்டுல எனக்கும் ஒரு நாற்காலி வேணும் மெர்வி. நின்னுக்கிட்டே இருந்து கால் வலிக்குது" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு 'முதலாளியம்மா' என்று பெயர் விழுந்தது. "முதலாளியம்மா, எங்களுக்குச் சம்பளத்தைக் கூட்டுங்க" என்று சின்னப் பசங்கள்கூடக் கிண்டல் செய்வார்கள். அவளும் "பார்க்கலாம், நீ வேலை செய்யறதைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பாள். எத்தனை பங்கு வைத்திருக்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் ஒருவனுடைய மூலவியாதியைப் பற்றிக் காபி மேஜையில் கேட்கலாம், பணத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது.

அந்த ஜனவரியில் கம்பெனிக்காக மரம் வாங்குகிற ஹெய்மோ அவள் வீட்டுக்கு வந்தான். வந்தால் மூன்று கோப்பை காபியும் ஏலக்காய் ரொட்டியும் முடிந்த பிறகுதான் விலையைப் பேசுவான். நானும் அன்று அங்கே இருந்தேன். வெளியே மைனஸ் இருபத்தாறு. பகல் இரண்டரைக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஸ்ப்ரூஸ் மரத்துக்கு விலை சொன்னான். பிர்ச் மரத்துக்கு வந்தபோது, அது லாரியில் கிழக்கே இன்னோர் ஆலைக்குப் போகும் என்றான்.

"எவ்வளவு தூரம் அது?" என்றாள் ரைலி.

"நூத்தி எண்பது கிலோமீட்டர்."

"நம்ம ஆலை நாலு கிலோமீட்டர்ல நிக்குது ஹெய்மோ. அதைத் தாண்டிக்கிட்டா போகப்போறே?"

ஹெய்மோ கோப்பைக்குள் பார்த்தான். "மேல சொல்லிட்டாங்க. எனக்கு வேற எதுவும் தெரியாது."

ஹெய்மோவுக்குத் தெரியாதது எதுவும் அந்த வட்டாரத்தில் கிடையாது. ரைலி அவனுக்கு நான்காவது கோப்பை ஊற்றவில்லை. மரம் இந்த வருஷம் விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பிப்ரவரியில் சீட்டுகள் வந்தன. எப்போதும் ஒரு வருஷத்துக்குச் சேர்த்து இருபது பெட்டி வரும். இந்த முறை பன்னிரண்டுதான் வந்தது. மீதி பிறகு வரும் என்று கிடங்குக்காரன் சொன்னான். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவேயில்லை. ரைலி பெட்டிகளைத் தட்டித் தட்டி இரண்டு தரம் எண்ணினாள்.

மார்ச்சில் கம்பெனியின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. அவள் அதை அடிக்கோல் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பவள். அந்த வருஷம் அறிக்கை முழுக்க அட்டைப்பெட்டிதான். ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே பார்சல் பிரிக்கிற படம், அதற்குக் கீழே வருங்காலம் பெட்டியில் இருக்கிறது என்று எழுத்து. பின்பக்கம் ஒரு அட்டவணையில் எந்த ஆலைக்கு எந்த வருஷம் பெரிய பழுதுபார்ப்பு என்று போட்டிருந்தார்கள். ஹார்யுகோஸ்கிக்கு நேரே வருஷம் எதுவும் போடாமல் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

வேலை இடைவேளையில் அதை எங்கள் முன்னால் விரித்து வைத்தாள். "மூடப் போறாங்க" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். மூன்றாவது இயந்திரம் அதற்கு முந்தின வாரம் நிற்காமல் ஓடிச் சாதனை செய்ததற்காக, அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கேக் கொடுத்திருந்தார்கள். "முதலாளியம்மாவுக்கு முதல் போயிடுமோன்னு பயம்" என்று நான்தான் சொன்னேன். என் வாயில் இன்னும் கேக்கின் கிரீம் இருந்தது.

அவள் கவலைப்பட்டது முதலைப் பற்றி இல்லை. அவள் மகன் யார்மோ அந்த மூன்றாவது இயந்திரத்தில்தான் இருந்தான். அவன் மனைவி பியாவுக்கு அப்போது நாலு மாதம். நார்வேயில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகலாமா, இல்லை இங்கேயே ஆற்றங்கரையில் வீடு கட்டலாமா என்று குளிர்காலம் முழுக்க இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வீடு என்றே முடிவாகி, வங்கியில் கடன் பத்திரமும் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"கொஞ்சம் பொறுடா" என்றாள் ரைலி.

"ஹெய்மோ ஒரு வார்த்தை சொன்னான்னு நான் வீடு கட்டாம இருக்கணுமா?" என்றான் யார்மோ. "சரி, அப்ப நார்வேக்குப் போயிடறேன். அது உனக்குச் சந்தோஷமா?"

அது அவளுக்குச் சந்தோஷம் இல்லை. பென்ட்டி போன பிறகு அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். அவன் நார்வேக்குப் போய்விட்டால், பிறக்கப்போகிற பிள்ளையை வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்கலாம். வீடு கட்டினால் நானூறு மீட்டரில் இருப்பான். ரைலிக்கு ஆலை மூடும் என்று மூளை சொன்னது, மூடக்கூடாது என்று மனசு சொன்னது. இரண்டுக்கும் நடுவில் அவள் செய்தது, எங்கள் ஊர் ஆட்களுக்கு மட்டுமே தோன்றுகிற காரியம். நேரே போய்க் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

பங்குதாரர் கூட்டம் ஹெல்சிங்கியில். ஈமச்சடங்குக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள். பெரிய மண்டபம். சால்மன் வைத்த ரொட்டித்துண்டு, காபி. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கி ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாளாம்.

"என் பேரு ரைலி ஹுப்போனென். ஹார்யுகோஸ்கி ஆலையில உருளை கட்டறேன். இந்தக் கம்பெனியில எனக்கும் பங்கு இருக்கு. ஒரே ஒரு கேள்விதான். எங்க ஆலையை மூடப் போறீங்களா?"

மண்டபத்தில் கொஞ்சம் சிரிப்பு எழுந்து அடங்கியது. தலைவர் எழுந்து நின்று பதில் சொன்னாராம். "ஹார்யுகோஸ்கியைப் பத்தி எந்த முடிவும் எடுக்கலை. அது நல்ல ஆலை. அங்க நல்ல ஆளுங்க இருக்காங்க." எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் அவரே காபி மேஜைக்கு வந்து, அவள் கண்ணைப் பார்த்துக் கை குலுக்கினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் பக்கம் காடே கை குலுக்கலில்தான் கை மாறும். ஹெய்மோ இருபது வருஷமாக எங்கள் சமையலறைகளில் மரம் வாங்கினான். பத்திரம் பிறகு தபாலில் வரும். கண்ணைப் பார்த்துக் கை கொடுத்த மனுஷனிடம் மேலே எதுவும் கேட்பது அவமானம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்தத் தலைவர் பொய்யும் சொல்லவில்லை. அன்றைக்கு முடிவு எடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அவர் கையைக் குலுக்கியது ரைலிக்கு ஒரு சத்தியம். அவருக்கு அது அன்றைக்கு நாற்பதாவது கை.

திரும்பி வந்தவள் ரயிலடியிலிருந்து நேரே யார்மோ வீட்டுக்குப் போனாள். "நான் கேட்டுட்டேன். கை குடுத்தார். நீ கையெழுத்துப் போடு" என்றாள். யார்மோ போட்டான். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் யூரோ.

அதைக் கேள்விப்பட்டு இன்னும் மூன்று பேர் போட்டார்கள். ஒருவன் வீட்டைப் பெரிதாக்கினான், ஒருவன் படகுக் கொட்டகை கட்டினான். ரைலி கேட்டுவிட்டு வந்தாளே என்று ஊரே தைரியமாக இருந்தது. நானும் புது அடுப்பு வாங்கினேன்.

ஜூலையில் யார்மோ வீட்டுக் கூரைக்கு முகட்டுச் சட்டம் ஏற்றினார்கள். அன்றைக்கு வீட்டுக்காரன் கட்டியவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடவேண்டும். சாஸேஜ் சுட்டோம், பீர் ஓடியது. பியா பெரிய வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் அதிகாரம் செய்தாள். நான் இரண்டாவது சாஸேஜ் எடுக்கப் போனபோது ரைலி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கறே?"

"மரக்குவியலைப் பாரு மெர்வி. போன வருஷம் இந்த நேரத்துக்கு அந்தச் சுவர் தெரியாது."

பார்த்தேன். குவியலுக்கு மேலே கிடங்குச் சுவர் தெரிந்தது. அதில் எழுதியிருந்த எழுத்துகளை நான் அதுவரை படித்ததேயில்லை. முப்பது வருஷமாக மரம் மறைத்துக்கொண்டிருந்த எழுத்துகள் அவை. இரண்டாவது சாஸேஜை நான் எடுக்கவில்லை. ஆனாலும், "சும்மா இரு, நல்ல நாளும் அதுவுமா" என்று அவளை அதட்டினேன். ஆகஸ்டில் புத்தம்புதுத் தலைக்கவசம் போட்ட நாலு பேர் வந்து இயந்திரங்களைச் சுற்றி நடந்தார்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒருவன் மட்டும் மூன்றாவது இயந்திரத்தை அளவு நாடா வைத்து அளந்தான். இருக்கிற இடத்திலேயே இருக்கப்போகிற சாமானை யாராவது அளப்பார்களா?

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால். நானும் ரைலியும் வரிசையில் நிற்கிறோம். அவள் சட்டைப் பையில் இருந்த போன் கூவியது. பங்கு விலை சட்டென்று மாறினால் வங்கியிலிருந்து செய்தி வரும்படி வைத்திருந்தாள். கையுறையைக் கழற்றி எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே வெளுத்துப்போனது.

"இறங்கிடுச்சா?" என்றேன்.

"ஏறுது."

"ஏறினா நல்லதுதானே, அதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"எதுக்கு ஏறுது மெர்வி?" என்றாள். "இன்னிக்கு எதுக்கு ஏறணும்?"

உருளைகள் வந்துகொண்டே இருந்தன, சீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தோம். போன் இன்னும் இரண்டு தரம் கூவியது. பதினொரு மணிக்கு எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். ஹெல்சிங்கியிலிருந்து வந்த ஒரு பெண் தாளைப் பார்த்து வாசித்தாள். ஜனவரி கடைசியோடு ஆலை மூடப்படுகிறது, நானூற்றுப் பன்னிரண்டு பேர், கம்பெனி இனி அட்டைப்பெட்டியில் கவனம் செலுத்தும். பங்குச்சந்தைக்குப் பத்து மணிக்கே சொல்லிவிட்டார்கள். உலகத்தில் எவனெவனோ தெரிந்துகொண்டு, வாங்கி, விற்று, லாபம் பார்த்து, காபியும் குடித்து முடித்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். சட்டம் அப்படித்தானாம். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது.

யாரும் கத்தவில்லை. நாங்கள் கத்துகிற ஜனங்கள் இல்லை. யார்மோ கூடத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்தான். அவன் மகளுக்கு அப்போது ஏழு வாரம். அங்கிருந்தே, சாதாரணக் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"அம்மா, இன்னிக்கு எவ்வளவு ஏறுச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ரைலிக்கு அது வராது.

"ஒன்பது சதவீதம்" என்றாள்.

நானூறு தலை திரும்பியது. அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

அன்று மதியம் அவள் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்போதுதான் முதல்முறையாகத் தொகையைச் சொன்னாள். ஆறாயிரத்துச் சொச்சம் பங்கு. அன்றைய விலைக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் வரும்.

"நான்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன்" என்றாள். "நான் போடச் சொல்லலேன்னா அவன் இப்ப நார்வேல இருப்பான், சம்பளத்தோட. வரி போனாலும் இந்தப் பணத்துல அவன் கடன் முக்காவாசி அடையும். ஆனா இன்னிக்கு வித்தா, நம்மள மூடினதுக்குக் குடுத்த விலையை நான் வாங்கின மாதிரி ஆகும். விக்கட்டுமா மெர்வி? நீ சொல்லு."

"வித்துத் தொலை" என்றேன். "இன்னிக்கே வித்துடு. நாளைக்கு இறங்கிடுச்சுன்னா? அந்தப் பிள்ளைக்குத் தலைக்கு மேல கூரை வேணும். மானத்தைப் பார்த்தா கடன் அடையுமா?"

என் வீட்டுப் போனில்தான் வங்கியைக் கூப்பிட்டாள். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துப் பிர்ச் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும் மூன்று நிமிஷத்தில். பிறகு மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். பென்ட்டியைப் புதைத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

யார்மோவிடம் உண்மையைச் சொன்னால் அந்தப் பணத்தைத் தொடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். டிசம்பரில் அவன் கையில் வங்கித் தாளைக் கொடுக்கும்போது, மரம் விற்ற பணம் என்றாள். அவளுக்குப் பொய் வராது என்று சற்று முன்தான் எழுதினேன். தனக்காக வராது, பிள்ளைக்காக வந்தது.

"எந்தப் பக்கம் வெட்டினாங்க?" என்று கேட்டானாம்.

"வடக்குப் பக்கம், ஓடைக்கு அப்பால. எல்லாத்தையும் மொத்தமா குடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் சாலையிலிருந்து தெரியாது. அவன் நம்பினான். அம்மா தன் அப்பாவின் காட்டையே தனக்காக வெட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்து, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எங்கள் ஊரில் வளர்ந்த ஆண்பிள்ளை அம்மாவைக் கட்டிப்பிடிப்பது சாதாரண விஷயம் இல்லை. அதை அவள் என்னிடம் சொன்னபோது சந்தோஷப்படுகிறாளா பயப்படுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

ஜனவரி கடைசியில் ஆலை நின்றது. முதல் வாரம் யாராலும் தூங்க முடியவில்லை. அத்தனை வருஷம் ஓடின சத்தம் இல்லாமல் காது வலித்தது. ஆற்றுப் பக்கம் ஆலை கிளப்புகிற அந்த அவித்த கோஸ் வாசனையும் போனது. மூன்றாவது இயந்திரத்தைக் கழற்றிப் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றினார்கள். யார்மோ பக்கத்து ஊரில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டினான். வருமானம் பாதி, ஆனால் கடன் கொஞ்சம்தான் பாக்கி என்பதால் குடும்பம் நின்றது. அந்த ஒரு வருஷம் ரைலி தினமும் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து ஆற்றங்கரையில் நடப்பாள். நான் எதிரே வந்தால் கண்ணாலேயே எச்சரிப்பாள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் முதல் தேதி வந்தது.

எங்கள் நாட்டில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதை வருஷத்துக்கு ஒருநாள் எல்லோருக்கும் திறந்து வைப்பார்கள். மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் பணத்தைப் பற்றிப் பேசாத ஜனங்கள், அன்றைக்கு வட்டாரப் பத்திரிகையை வாங்கி விரலை வைத்துப் படிப்பார்கள். ரைலி அதை மறந்தே போயிருந்தாள். அதுவரை அவள் பெயர் அதில் வந்ததில்லை, மறக்காமல் என்ன செய்வாள்? அந்தத் தடவை முதலீட்டு வருமானப் பட்டியலில், எங்கள் வட்டாரத்திலேயே நாலாவது பெயர் ரைலி ஹுப்போனென்.

நான் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் யார்மோ, கையில் குழந்தைக்கு டயபர் பொட்டலம். அவனுக்கு முன்னால் மரம் வெட்டுகிற இயந்திரம் ஓட்டுகிற ஒஸ்மோ. யாரோ பத்திரிகையைத் தட்டி, "நமக்கெல்லாம் சாவு, முதலாளியம்மாவுக்குப் போனஸ்" என்றார்கள். 

யார்மோவுக்குக் காது சிவந்தது. "அது மரம் வித்த காசு" என்றான். "எங்க அம்மா காட்டை வெட்டி என் கடனை அடைச்சாங்க. வடக்குப் பக்கம் முழுசா. தெரியாம பேசாதீங்க."

ஒஸ்மோ மெதுவாகத் திரும்பினான். கெட்டவன் இல்லை அவன். இயல்பாகத்தான் கேட்டான். "யாரு வெட்டினா?"

"ஏன்?"

"போன குளிர்காலம் ஆத்துக்கு இந்தப் பக்கம் வெட்டினது நான் ஒருத்தன்தான். உங்க அம்மா காட்டுப் பக்கம் நான் போகவேயில்லையே."

யார்மோ திரும்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் பல்லை உடைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றவன், அதே கண். நான் அப்போது பேசியிருக்கவேண்டும். அவள் தனக்காக விற்கவில்லை, உனக்காக விற்றாள், விற்கச் சொன்னது நான், என் போனில்தான் விற்றாள் என்று அங்கேயே, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லியிருக்கவேண்டும். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். எட்டுப் பேரும் ஆலையில் இருந்தவர்கள். நான் என் கூடையில் இருந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் டயபரை அங்கேயே வைத்துவிட்டுக் காட்டுக்கு வண்டியை ஓட்டினான். ஓடையைத் தாண்டிக் கணுக்கால் அளவு பனியில் நடந்தான். வடக்குப் பக்கத்தில் பிர்ச் மரம் ஒன்றுகூடக் குறையவில்லை. வரிசை வரிசையாக நின்றன. இதை அவன் சொல்லவில்லை. அடுத்த நாள் நானே போய் அவன் காலடித் தடத்திலேயே நடந்து பார்த்தேன். தடம் காட்டின் நடு வரைக்கும் போய், ஒரே இடத்தில் ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றி மிதித்துவிட்டு, திரும்பியிருந்தது.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவன் வீட்டை விற்பனைக்குப் போட்டான். ஆலை இல்லாத ஊரில் வீடு யார் வாங்குவார்? ஒரு வருஷம் பலகை நின்றது. எண்பதாயிரம் என்றான், ஐம்பது என்றான். ஒரு ஆள் வந்து நாற்பது தருகிறேன், கோடையில் மீன் பிடிக்க வருவேன் என்றான். பியா பலகையைப் பிடுங்கி விறகோடு போட்டுவிட்டாள். விற்கவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது, போகவும் முடியாது. அம்மாவிடமிருந்து நானூறு மீட்டர் தூரத்தில், அம்மாவோடு ஒரு வார்த்தை இல்லாமல் அவன் அந்த வீட்டிலேயே இருந்தான். குழந்தையைப் பியா மட்டும் வாரத்துக்கு ஒருநாள் கூட்டிவந்து ரைலியிடம் விட்டுவிட்டுப் போவாள்.

மூன்று வருஷம் இதைப் பார்த்தேன். போன மாதம் எனக்கு இதய ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். பயம் வந்தது, வெட்கத்தைவிடப் பெரிய பயம். யார்மோ வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான்.

"உள்ள வாங்க அத்தை. வெளிய காத்து" என்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். "விக்கச் சொன்னது நான்தான். என் வீட்டுப் போன்லதான் வித்தா. உங்க அம்மா தனக்காக ஒரு சென்ட் வைச்சுக்கலை யார்மோ. எல்லாம் உனக்காகத்தான் பண்ணினா."

அவன் காபிப் பாத்திரத்தை எடுத்து எனக்கு ஊற்றினான்.

"தெரியும் அத்தை. அன்னிக்குக் காட்டுல நிக்கும்போதே தெரிஞ்சுது. அவங்க தனக்காக வித்திருந்தா நான் ஒரு மாசத்துல போய்ப் பேசியிருப்பேன். எனக்காக வித்ததுதான் முடியலை. இந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிக்கும்போதுகூட அந்த நானூறு பேரும் என்னையே பார்க்கற மாதிரி இருக்கு."

"நீ போய்ப் பேசினா என்னடா குறைஞ்சுடும்?"

"பேசினா அழுதுடுவேன். அழுதா மன்னிச்சுடுவேன். அப்புறம் இந்த வீட்டுல நான் எப்படித் தூங்கறது?"

காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். ரைலி வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போகவேண்டும். நான் யார்மோ வீட்டிலிருந்து வருவதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். கோட்டுகூடப் போடாமல் வாசலில் நின்றாள். மூன்று வருஷத்தில் அவளுக்குப் பத்து வயது கூடிப்போயிருந்தது. அவளிடம் மறைக்கக் கூடாது என்று நினைத்து, அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

முழுவதும் கேட்டாள். பிறகு, "உள்ள போனியா நீ?" என்றாள்.

"போனேன்."

"வீடு சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு ரைலி. நல்ல கதகதப்பா இருந்துச்சு."

"வடக்குப் பக்க ரூம்ல குளிர் இறங்கும்னு யார்மோ அப்பல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தான். பாப்பா அங்கதான் படுக்குது" என்றாள். நான் அந்த அறைக்குள் போகவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்று சொன்னவள் கதவைச் சாத்தவில்லை. நான் யார்மோ வீட்டுப் பக்கமே திரும்பி நடந்தேன்.